பிள்ளை ‘நான் கே’, ‘நான் லெஸ்பியன்’ என்று சொல்லிவிட்டால்: வீட்டாருக்கும் நண்பர்களுக்கும் ஒரு வழிகாட்டி

உங்கள் மகனோ மகளோ, அண்ணனோ தங்கையோ, கூடப் படித்த தோழியோ தனக்குத் தன் பாலினத்தவர் மீதுதான் ஈர்ப்பு என்று உங்களிடம் சொல்லியிருக்கிறார். நேற்றுச் சொல்லியிருக்கலாம், போன மாதம் சொல்லியிருக்கலாம். நீங்கள் தூக்கம் வராமல் போனில் எதையெதையோ தேடிக்கொண்டிருக்கிறீர்கள். இது உங்களுக்காக எழுதியது. எங்கள் வீட்டில் தம்பி சொன்னபோது எதை முதலில் செய்வது, எதைச் செய்யவே கூடாது, பணம் எங்கே போகும், என்ன காகிதம் வேண்டும் என்றெல்லாம் தமிழில் பொறுமையாகச் சொல்ல ஒருவரும் கிடைக்கவில்லை. ஒவ்வொன்றையும் தட்டுத் தடுமாறித்தான் தெரிந்துகொண்டோம். நீங்களும் அப்படி அலைய வேண்டாம்.

இது பாலீர்ப்பைப் பற்றியது. உங்கள் பிள்ளை தன்னைத் திருநங்கை என்றோ திருநம்பி என்றோ சொல்லியிருந்தால் முதல் இரண்டு தலைப்புகளும் ஐந்தாவதும் உங்களுக்கும் பொருந்தும். ஆனால் அடையாளச் சான்று, பெயர் மாற்றம், மருத்துவம் எல்லாம் வேறு பாதை, அதை இதோடு சேர்த்துக் குழப்ப விரும்பவில்லை.

முதல் சில மாதங்களில் எல்லாவற்றையும் புரிந்துகொண்டே ஆக வேண்டும் என்று யாரும் உங்களைக் கட்டாயப்படுத்தவில்லை. பிறகு சரிசெய்ய முடியாத காரியம் எதையும் செய்துவிடாமல் இருந்தால் போதும். கீழே சொல்வதில் பாதிக்கு மேல் அதைப் பற்றித்தான்.

1. சொன்ன அன்று

குறைவாகப் பேசுங்கள். உங்கள் பிள்ளை இந்த ஒரு பேச்சை வருஷக்கணக்கில் மனசுக்குள் சொல்லிப் பார்த்துவிட்டு வந்திருக்கிறது, உங்களுக்கோ இது புதுச் செய்தி. அதனால் அன்றைக்கே நல்ல வார்த்தையாகத் தேடிப்பிடித்துச் சொல்ல முடியாது, பரவாயில்லை. “சரிப்பா. எனக்கு யோசிக்கக் கொஞ்ச நாள் வேணும். ஆனா நீ என் பிள்ளைதான், அதுல ஒண்ணும் மாறல. வா, சாப்பிடு” என்றால் போதும். சாப்பிடக் கூப்பிடுவதைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். அன்றிரவு தனக்கு வீட்டில் சோறு உண்டா, படுக்க இடம் உண்டா என்ற பயத்தோடுதான் பல பிள்ளைகள் இதைச் சொல்கிறார்கள், வேலைக்குப் போய்ச் சம்பாதிக்கிற பிள்ளைகள்கூட.

அன்று கேட்கக் கூடாத கேள்விகள்: “யாரு உன்னைக் கெடுத்தது?”, “ஹாஸ்டல்ல சேர்த்ததுதான் தப்பாப் போச்சா?”, “ஒரு பொண்ணோட பழகிப் பாத்தியா?”. இவற்றுக்கு உங்களைச் சமாதானப்படுத்தும் பதில் கிடையாது. சண்டைதான் மிஞ்சும்.

இன்னொன்று. நம் வீடுகளில் துக்கம் பொங்கும்போது வாயில் சுலபமாக வருவது “நான் செத்துப் போறேன்”, “என் தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணு” என்பதெல்லாம். சொல்கிறவருக்கு அது அழுகையின் ஒரு பகுதி. கேட்கிற பிள்ளைக்கு அப்படி இல்லை. தான் உயிரோடு இருப்பதே வீட்டுக்குப் பாரம் என்று ஏற்கெனவே பல தடவை நினைத்துப் பார்த்த பிள்ளையாக இருக்கலாம். வீட்டில் யாராவது அப்படிப் பேச ஆரம்பித்தால் அவரை வேறு அறைக்கு அழைத்துப் போங்கள். பிள்ளையிடம் தற்கொலை எண்ணம் தெரிந்தால் தனியே விடாதீர்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416, கட்டணம் இல்லை, நாள் முழுக்க எடுப்பார்கள், தமிழில் பேசலாம். அந்த எண்ணுக்குப் பெற்றோரும் தங்களுக்காக அழைக்கலாம்.

2. யாரிடம் சொல்லலாம் என்பதைப் பிள்ளையிடமே கேளுங்கள்

இதில்தான் நிறையக் குடும்பங்கள் முதல் வாரமே வழுக்கிவிடுகின்றன. அம்மாவுக்குத் தாங்கவில்லை, தங்கைக்குப் போன் போடுகிறார். தங்கை தன் கணவரிடம் சொல்கிறார். அவருக்கு ஜோசியம் பார்க்கிற நண்பர் ஒருவர். பத்து நாளில் கும்பகோணத்திலிருந்து ஒரு தூரத்து உறவினர் பிள்ளையின் வாட்ஸ்அப்புக்கு அறிவுரை அனுப்புகிறார். பிள்ளைக்கு அதைவிடப் பெரிய துரோகம் இல்லை. உங்களை நம்பிச் சொன்னதை ஊருக்குச் சொல்லிவிட்டீர்கள் என்றுதான் எடுத்துக்கொள்ளும். வேலை போகலாம், வாடகை வீடு போகலாம், சிலருக்கு அடி விழலாம்.

அதனால் ஓரிரு நாளில், கொஞ்சம் அமைதியான நேரத்தில், நேராகக் கேளுங்கள்: அப்பாவுக்குத் தெரியுமா? அண்ணிக்கு? தாத்தாவுக்குச் சொல்லலாமா, வேண்டாமா? ஆபீஸில் யாருக்குத் தெரியும்? அது சொல்கிற பட்டியல்தான் பட்டியல். அதோடு உங்களுக்காகவும் ஒன்று கேளுங்கள்: “நான் யார்கிட்டயாவது பேசாம இருந்தா எனக்குத் தாங்காது. யார்கிட்டப் பேசட்டும்?” பெரும்பாலும் ஒரு பெயர் கிடைக்கும். இதுவரை பிள்ளை தனியாக ஒளித்து வைத்திருந்ததை இப்போது நீங்களும் சேர்ந்து ஒளிக்கிறீர்கள். ஒரே ஒரு ஆளாவது இல்லாமல் அதைச் சுமப்பது கஷ்டம்.

3. மருத்துவரிடம் ‘சரிசெய்ய’ அழைத்துப் போகாதீர்கள்

பணமும் போய், பிள்ளையும் போகிற இடம் இது.

தன்பாலீர்ப்பு நோய் இல்லை. உலக சுகாதார நிறுவனம் 1990 மே 17 அன்று அதை நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்தது. இந்திய மனநல மருத்துவர் சங்கமும் 2018இல் இது மனநோய் அல்ல என்று வெளிப்படையாகவே சொல்லிவிட்டது. இருந்தும் ‘மாற்றிக் காட்டுகிறேன்’ என்று சொல்லும் ஆட்கள் ஊர்தோறும் இருக்கிறார்கள். சிலர் எம்பிபிஎஸ் படித்தவர்கள், சிலர் ‘ஹிப்னோ’ என்று போர்டு வைத்தவர்கள், சிலர் சாமியார்கள், சிலர் ஜெபம் செய்பவர்கள். எங்கள் வீட்டில் பெரியப்பா ஒரு கிளினிக்கில் போய் 45,000 ரூபாய் முன்பணம் கட்டிவிட்டு வந்தார். ரசீதில் ‘கவுன்சலிங் பேக்கேஜ், 10 சிட்டிங்’ என்று அச்சடித்திருந்தது, அதன் கீழே பேனாவால் டெஸ்டோஸ்டிரோன் ரத்தப் பரிசோதனை. இரண்டாவது சிட்டிங்கிலேயே தூக்க மாத்திரையும் மனச்சோர்வு மாத்திரையும் எழுதிக் கொடுத்து, தம்பி காலையில் எழுந்திருக்க முடியாமல் நாக்குக் குழறியபடி ஆபீசுக்குப் போன் செய்து லீவு சொன்னான். பணத்தில் ஒரு ரூபாய் திரும்பவில்லை.

நீங்கள் தெரிந்துவைத்திருக்க வேண்டியவை இவை. 2021 ஜூன் 7 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், பாலீர்ப்பை மருத்துவத்தால் மாற்றும் முயற்சிகளுக்குத் தடை விதித்து, அப்படிச் செய்கிறவர்கள் மீது தொழில்முறை நடவடிக்கை எடுக்கச் சொன்னார். அடுத்த ஆண்டு, 2022இல், தேசிய மருத்துவ ஆணையம், பாலீர்ப்பை மாற்றுவதாகச் சொல்லும் இந்தச் சிகிச்சை மருத்துவர்களுக்கான ஒழுங்கு விதிகளை மீறிய செயல் என்று எல்லா மாநில மருத்துவக் கவுன்சில்களுக்கும் எழுதியது. ஆகவே பதிவுபெற்ற மருத்துவர் யாராவது செய்தால் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலில் புகார் கொடுக்கலாம். ரசீது, மருந்துச் சீட்டு, வாட்ஸ்அப் செய்தி எதையும் தூக்கிப் போடாதீர்கள், புகாருக்கு அவைதான் ஆதாரம்.

அந்தத் தீர்ப்பைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். மதுரைப் பக்கத்திலிருந்து சென்னைக்கு வந்த இரண்டு இளம்பெண்கள், பெற்றோர் கொடுத்த காணவில்லை புகார்களால் போலீஸ் தொல்லை, பாதுகாப்புக் கேட்டு வழக்கு. நீதிபதி தனக்கு இந்த விஷயம் முழுசாகப் புரியவில்லை என்று வெளிப்படையாகவே எழுதினார், தானே ஓர் உளவியலாளரிடம் போய் உட்கார்ந்து பேசினார், அப்புறம்தான் தீர்ப்பு. பெற்றோரையும் ஆலோசனைக்கு அனுப்பினார். ஒரு நீதிபதிக்கே நேரம் தேவைப்பட்டிருக்கிறது. “எனக்கு ஏன் உடனே ஏத்துக்க முடியல” என்று உங்களை நீங்களே கடிந்துகொள்ள வேண்டாம், ஆனால் அவர் செய்ததைப் போல நேரம் எடுத்துக் கற்றுக்கொள்ளுங்கள்.

பிள்ளைக்கே மனச்சோர்வோ பதற்றமோ இருந்து உதவி கேட்டால் அது வேறு விஷயம், தாராளமாகப் போங்கள். போகும் முன் போனிலேயே ஒரு கேள்வி கேட்டுவிடுங்கள்: “பையன் கே. அவனுக்கு டிப்ரஷன் இருக்கு. அவனை மாத்த முயற்சி பண்ணாம டிப்ரஷனுக்கு மட்டும் பாப்பீங்களா?” பதில் இழுத்தால் வேறு ஆளைப் பாருங்கள். சென்னையில் தனியார் ஆலோசகர்கள் ஓர் அமர்வுக்குச் சுமார் 1,000 முதல் 2,500 ரூபாய் வரை வாங்குகிறார்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் கட்டணம் இல்லை, ஆனால் காலையிலேயே போய் ஓபி சீட்டு வாங்கிக் காத்திருக்க வேண்டும். அமர்வுக்குள் நீங்களும் போய் உட்கார வேண்டும் என்று அடம் பிடிக்காதீர்கள்.

4. கல்யாணப் பேச்சை நிறுத்துங்கள், அன்றே

“கல்யாணம் ஆனா எல்லாம் சரியாயிடும்” என்று உங்களிடம் சொல்ல ஆட்கள் வருவார்கள். வயதானவர்கள், உங்கள் மீது உண்மையான அக்கறை உள்ளவர்கள், உங்கள் கண்ணீரைப் பார்க்கச் சகிக்காதவர்கள். ஆனால் நன்றாக யோசித்துப் பாருங்கள்: நீங்கள் பெண் பார்க்கப் போகும் வீட்டில் இருப்பதும் ஒரு பிள்ளைதான். அவளிடம் சொல்லாமல் கட்டி வைத்தால் அவள் வாழ்க்கையையும் சேர்த்து எடுத்துக்கொள்கிறீர்கள். முதல் மாதமே தன் அழகில் குறை, தன் உடம்பில் குறை என்று நினைத்து அழுகிற பெண்கள் இருக்கிறார்கள். இதைப் பாவம் என்று சொல்ல எனக்குத் தயக்கமே இல்லை.

சட்டப்படியும் நிற்காது. இந்துத் திருமணச் சட்டத்தின் 12ஆம் பிரிவில், முக்கியமான விஷயத்தை மறைத்து ஏமாற்றிச் சம்மதம் வாங்கியிருந்தால், ஏமாற்றம் தெரிந்த ஓராண்டுக்குள் திருமணத்தை ரத்துசெய்யக் கேட்டு மனுப் போடலாம். பரஸ்பரச் சம்மத விவாகரத்து என்றாலும் ஓராண்டு பிரிந்திருந்த பிறகுதான் மனுவே போட முடியும், அதற்குமேல் சாதாரணமாக ஆறு மாதம். மண்டபம், நகை, சீர் எல்லாவற்றுக்கும் செலவழித்துவிட்டு, கடைசியில் குடும்ப நீதிமன்றத்தின் வராந்தாவில் இரண்டு குடும்பமும் எதிரெதிரே உட்கார்ந்திருக்கும்.

நடைமுறையில் செய்ய வேண்டியது: மேட்ரிமோனி தளத்தில் கணக்கு இருந்தால் நீக்குங்கள், தற்காலிகமாக மறைத்து வைத்தால் தரகர்கள் தொடர்ந்து கூப்பிடுவார்கள். ஜாதகத்தைத் தரகரிடமிருந்து திரும்ப வாங்கிவிடுங்கள். நிச்சயம் வரை போயிருந்தால் மண்டப முன்பணம் போனால் போகட்டும். பெண் வீட்டாருக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை: “பையனுக்கு இப்போ கல்யாணத்துல விருப்பமில்ல. உங்க பொண்ணுகிட்ட ஒரு குறையுமில்ல.” இரண்டாவது வாக்கியத்தை மறக்காமல் சொல்லுங்கள், அந்தப் பெண்ணுக்கு அது ரொம்ப முக்கியம்.

மகள் சொல்லியிருந்தால் ஆபத்து இன்னும் கூடுதல். மகன் என்றால் டாக்டரிடம் அழைத்துப் போகிற குடும்பங்கள், மகள் என்றால் போனைப் பிடுங்கி, வேலையை விட வைத்து, தை பிறப்பதற்குள் கட்டிக் கொடுக்கப் பார்க்கின்றன. நீங்கள் அண்ணனோ சித்தியோ அத்தையோ என்றால், உங்கள் வேலை இங்கே குறுக்கே நிற்பது. அவளுடைய ஆதார், பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்று, பட்டச் சான்று, பாஸ்போர்ட், வங்கிக் கணக்குப் புத்தகம், ஏடிஎம் கார்டு எல்லாம் அவள் கையில் இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லை என்றால் நகலாவது எடுத்துக் கொடுங்கள், சான்றுகளைப் போனிலேயே சேமிக்கும் அரசின் டிஜிலாக்கரில் ஏற்றிவிடுங்கள். பெண்கள் உதவி எண் 181. பதினெட்டு வயது ஆகாத பிள்ளை என்றால் 1098.

5. உங்கள் துக்கத்துக்கு வேறு இடம் தேடுங்கள்

துக்கம் வரும். பேரக்குழந்தை, சம்பந்தி வீடு, அறுபதாம் கல்யாணத்தில் மருமகள் பக்கத்தில் நிற்பது என்று மனசுக்குள் கட்டி வைத்தது எல்லாம் ஒரே நாளில் சரிந்தால் அழாமல் என்ன செய்ய முடியும்? என் அம்மா பூஜை அறையில் விளக்கேற்றிவிட்டு வெளியே வரவே மாட்டார். அப்பா டிவியைச் சத்தம் இல்லாமல் ஓடவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருப்பார். அழுவது தப்பு இல்லை. அதைப் பிள்ளையின் மடியில் போட்டு, “நீ இப்படிப் பண்ணிட்டியே” என்று கேட்டு, அது உங்களைத் தேற்றும்படி விடுவதுதான் தப்பு.

வேறு இடங்கள் இருக்கின்றன. சென்னையில் பால்புதுமையினருக்காக (தன்பாலீர்ப்பு உள்ளவர்கள், திருநர் போன்றோர்) ஓரினம் என்ற அமைப்பு 2003இலிருந்து இயங்குகிறது. அதன் தளத்தில் தமிழிலும் எழுத்துகள் உண்டு, பெற்றோரும் உடன்பிறந்தோரும் எழுதியவையும் உண்டு. முதலில் அவற்றைத் தனியாக உட்கார்ந்து படியுங்கள், யாரிடமும் பேச வேண்டியதில்லை. சகோதரன் என்ற அமைப்பும் 1998 முதல் சென்னையில் இருக்கிறது. பெற்றோருக்கென்றே ஸ்வீகார் என்ற குழு உண்டு, இந்தியா முழுக்க உள்ள பெற்றோர் அதில் இருக்கிறார்கள். 2023இல் உச்ச நீதிமன்றத்தில் திருமண உரிமை வழக்கு நடந்தபோது, தங்கள் பிள்ளைகளுக்கும் திருமணம் செய்துகொள்ளும் உரிமை வேண்டும் என்று நானூறுக்கும் மேற்பட்ட பெற்றோர் சேர்ந்து தலைமை நீதிபதிக்குக் கடிதம் எழுதினார்கள். அந்தக் குழுவிலிருந்து போனதுதான் அது. இவற்றில் சேரப் பணம் கட்ட வேண்டியதில்லை. பணம் கேட்டு, ‘பெற்றோர் வகுப்பு’ என்று யாராவது அழைத்தால் ஒதுங்குங்கள்.

எவ்வளவு நாள் ஆகும் என்று எல்லோரும் கேட்கிறார்கள். வீட்டுக்கு வீடு மாறும். நான் பார்த்தவரை அம்மாவும் அப்பாவும் ஒரே வேகத்தில் வருவதில்லை. முதல் நாள் “சரி” என்று சொன்னவர் ஆறு மாதம் கழித்து உடைந்து போகலாம், முதல் நாள் கத்தியவர் முதலில் சமாதானமாகலாம். ஒருவர் தேறிவிட்டால் மற்றவரை இழுக்க வேண்டாம். எங்கள் அம்மா ஒருநாள் போனில் என்னிடம், “அவனுக்கு யாராவது இருக்காங்களா? அந்தப் பையனுக்குச் சமைக்கத் தெரியுமா?” என்று கேட்டார். அதற்கு முந்தின நாள்வரை பேச்சே கிடையாது.

6. போலீஸ் என்று மிரட்டினால்

யாராவது “இது கிரிமினல் குத்தம், உள்ள தள்ளிடுவேன்” என்று சொன்னால் நம்பாதீர்கள். வயதுவந்த இருவர் விருப்பத்தோடு உறவில் இருப்பது குற்றம் இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 6 அன்று தீர்ப்புச் சொல்லிவிட்டது. பிள்ளைக்குப் பதினெட்டு வயது ஆகியிருந்தால் எங்கே, யாரோடு இருப்பது என்பது அதன் முடிவு. வீட்டைவிட்டுப் போய்விட்டது என்று பெற்றோர் காணவில்லை புகார் கொடுத்தாலும், பிள்ளை நேரில் வந்து சொந்த விருப்பத்தில்தான் இருக்கிறேன் என்று சொன்னால் போலீஸ் புகாரை முடித்துவைக்க வேண்டும், இழுத்துக்கொண்டு வந்து ஒப்படைக்கக் கூடாது. தமிழ்நாட்டில் 2022இல் காவலர் நடத்தை விதிகளிலேயே பால்புதுமையினரைத் துன்புறுத்தக் கூடாது என்று தனி விதி சேர்த்திருக்கிறார்கள்.

2025 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம் இன்னும் ஒரு படி மேலே போனது. இருபத்தைந்து வயதுப் பெண்ணைக் குடும்பம் வீட்டில் பிடித்து வைத்திருந்த வழக்கு. அவளை விடுவித்து, திருமணம் மட்டுமே குடும்பத்தை உண்டாக்கும் வழி இல்லை, தானே தேர்ந்தெடுத்துக்கொள்ளும் குடும்பமும் குடும்பம்தான் என்றது நீதிமன்றம். ஆகவே பூட்டி வைக்கலாம் என்று உறவினர் யாராவது யோசனை சொன்னால், அது ஆட்கொணர்வு மனுவில் (அடைத்துவைத்தவரை நீதிமன்றத்தில் கொண்டுவந்து நிறுத்தக் கேட்கும் மனு) போய் நிற்கும் என்பதையும் சட்டவிரோதமாக அடைத்துவைப்பது தண்டனைக்குரிய குற்றம் என்பதையும் தெளிவாகச் சொல்லுங்கள்.

7. காகிதங்கள்: துணை இருந்தால் இதைத் தள்ளிப்போடாதீர்கள்

மனசு ஓரளவு அடங்கிய பிறகு, ஓராண்டுக்குள் என்று வைத்துக்கொள்ளுங்கள், இந்த வேலையை முடித்துவிடுங்கள். இந்தியாவில் ஒரே பாலினத்தவர் திருமணத்துக்கு அங்கீகாரம் இல்லை. 2023 அக்டோபர் 17 அன்று உச்ச நீதிமன்றம் அதை நாடாளுமன்றத்திடம் விட்டுவிட்டது. அதனால் உங்கள் மகனும் அவனுடைய துணையும் இருபது வருஷம் ஒன்றாக வாழ்ந்தாலும் சட்டத்தின் கண்ணில் இருவரும் அறைத்தோழர்கள். ஒருவருக்கு ஒன்று ஆகிவிட்டால் மற்றவர் கையில் எந்த உரிமையும் இருக்காது. அந்த இடத்தில் சட்டம் தேடிக்கொண்டு வருவது உங்களைத்தான், பெற்றோரை. அதனால்தான் இது உங்கள் வேலையும்கூட.

உயில். இந்து ஆண் திருமணமாகாமல், உயில் எழுதாமல் இறந்தால் அவன் சொத்து முதலில் தாய்க்குப் போகும், தந்தை அடுத்த வரிசை. பெண்ணின் சொந்தச் சம்பாத்தியம் என்றால் தாய், தந்தை இருவருக்கும். கிறிஸ்தவர்களுக்கும் முஸ்லிம்களுக்கும் சட்டம் வேறு, வழக்கறிஞரைப் பாருங்கள். இருவரும் சேர்ந்து இஎம்ஐ கட்டி வாங்கிய பிளாட்டில் பாதி இப்படி அம்மா பெயருக்கு வந்து நிற்கும், அம்மாவுக்குப் பிறகு அது சித்தப்பா பிள்ளைகள்வரை வழக்காகலாம். தடுக்கச் சுலபமான வழி உயில்தான். வெள்ளைத் தாள் போதும், முத்திரைத்தாள் வேண்டாம், இரண்டு சாட்சிகள் கையெழுத்து வேண்டும், பதிவு கட்டாயமில்லை. ஆனால் பதிவு செய்துவிடுவது நல்லது, பின்னால் ‘இது அவன் கையெழுத்தே இல்லை’ என்று உறவினர் கிளப்புவது கஷ்டமாகும். சொத்து கிடைக்கப்போகிறவரைச் சாட்சியாகப் போடாதீர்கள். பெற்றோரில் ஒருவர் சாட்சியாகக் கையெழுத்துப் போட்டால் அதைவிடப் பலமான பாதுகாப்பு வேறில்லை. உயிருடன் இருக்கும்போதே துணைக்குச் சொத்தை எழுதிவைக்க நினைத்தால், குடும்பத்துக்குள் செட்டில்மென்ட் எழுதும்போது கிடைக்கும் முத்திரைத் தீர்வைச் சலுகை இதற்குக் கிடைக்காது, பெரிய தொகை ஆகும்.

வங்கி. 2024 ஆகஸ்டில் மத்திய நிதியமைச்சகம் இதைத் தெளிவாகவே அறிவித்தது: பால்புதுமையினர் கூட்டுக் கணக்குத் தொடங்கவும், துணையை நாமினியாகப் போடவும் எந்தத் தடையும் இல்லை. கிளையில் “உறவு என்ன?” என்ற கட்டத்தில் மேலாளர் தயங்கினால் ‘நண்பர்’ என்று எழுதினாலும் செல்லும், அந்த அறிவிப்பின் நகல் ஒன்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆயுள் காப்பீட்டில் ஒரு பொறி இருக்கிறது, முகவர்கள் சொல்வதில்லை. காப்பீட்டுச் சட்டத்தின் 39ஆம் பிரிவில் பெற்றோர், கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள் நாமினியாக இருந்தால் பணம் அவர்களுக்கே சொந்தம். துணையை நாமினியாகப் போட்டால் அவர் பணத்தை வாங்கிக்கொள்ளலாம், ஆனால் வாரிசுகள் உரிமை கேட்டால் கொடுக்க வேண்டி வரும். ஆகவே நாமினியோடு உயிலிலும் அந்தப் பாலிசி எண்ணைக் குறிப்பிட்டு எழுதுங்கள்.

மருத்துவமனை. பிள்ளை நினைவோடு இருக்கும்வரை அதன் கையெழுத்துதான் செல்லும். நினைவு இல்லாவிட்டால் மருத்துவமனை ரத்த உறவைத் தேடும், நீங்கள் தென்காசியில் இருப்பீர்கள், துணை ஐசியு வாசலில் நிற்பார். இதற்காக முன்கூட்டிய மருத்துவ அறிவுறுத்தல் ஒன்று எழுதி வைக்கலாம். உயிர்காக்கும் கருவிகளைத் தொடர்வதா என்பது போன்ற முடிவுகளில் தன் சார்பாக யார் பேச வேண்டும் என்று பெயர் போட்டு, இரண்டு சாட்சிகள், நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரி சான்றொப்பம். 2023இல் உச்ச நீதிமன்றம் முறையை எளிதாக்கிய பிறகு இதற்கு மாஜிஸ்திரேட்டைத் தேடி அலைய வேண்டியதில்லை. செலவு சில நூறு ரூபாய்தான். மனநல சிகிச்சைக்கு இதைவிடச் சுலபம்: 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின்படி வெள்ளைத் தாளில் பெயர் எழுதிக் கையெழுத்துப் போட்டாலே யாரையும் தன் பிரதிநிதியாக நியமிக்கலாம். இதோடு நீங்களும் ஒரு கடிதம் எழுதிக் கொடுங்கள்: “நான் வந்து சேரும்வரை என் மகன் சம்பந்தப்பட்ட முடிவுகளை இவர் எடுக்கலாம்.” சட்டப்படி எவ்வளவு செல்லுபடியாகும் என்பது இருக்கட்டும், நள்ளிரவில் பணியில் இருக்கும் மருத்துவருக்கு அம்மாவின் கையெழுத்தும் போன் நம்பரும் பெரிய உதவி.

8. நீங்கள் நண்பர் என்றால்

வீட்டுக்கு முன்னால் உங்களிடம்தான் சொல்லியிருப்பார்கள். “எனக்கு எப்பவோ தெரியும்” என்று சொல்லாதீர்கள், வருஷக்கணக்காகச் சேர்த்த தைரியத்தை அது சின்னதாக்கிவிடும். ஆணிடம் ஆண் சொன்னால் “என் மேல ஆசையா?” என்ற சந்தேகம் வரலாம், வாயைத் திறந்து கேட்காதீர்கள். உங்களால் செய்யக்கூடிய உருப்படியான உதவி ஒன்று உண்டு: வீட்டில் சொல்லப்போகும் நாளை முன்பே தெரிந்துகொண்டு, அன்றிரவு போனை அணைக்காமல் வைத்து, நிலைமை மோசமானால் வந்து படுக்க ஓர் இடம் தயாராக வைத்திருப்பது. சொல்லும் நேரத்தையும் சேர்ந்து யோசியுங்கள். தீபாவளி, பொங்கல், யார் வீட்டுக் கல்யாணமோ அதற்கு முந்தின நாள், அப்பாவுக்கு ஆஸ்பத்திரி நாள், தேர்வு நேரம் எதுவும் வேண்டாம். படிப்புச் செலவுக்கு இன்னும் வீட்டை நம்பியிருக்கும் பிள்ளை என்றால் வேலை கிடைக்கும்வரை காத்திருக்கச் சொல்வது கோழைத்தனம் இல்லை.

9. விசேஷ வீடுகளும், துணை முதல்முறை வீட்டுக்கு வரும்போதும்

“உங்க பையனுக்கு எப்போ?” என்ற கேள்வி ஒவ்வொரு பந்தியிலும் வரும். வீட்டில் எல்லோரும் ஒரே பதிலை முடிவு செய்து வைத்துக்கொள்ளுங்கள். “அவன் இஷ்டம், நாங்க கேக்கறதில்ல” என்பதோடு பேச்சை மாற்றுங்கள். ‘வேலை செட்டில் ஆகட்டும்’ என்று பொய் சொன்னால் அடுத்த வருஷம் அவர்களே வேலைக்கும் சிபாரிசு கொண்டு வருவார்கள்.

துணை முதல்முறை வரும்போது விருந்து, புதுத்துணி என்று பெரிதாக ஏற்பாடு செய்ய வேண்டாம், இரண்டு மணி நேரம் போதும், வெளியே ஓட்டலில் பார்த்தாலும் சரி. எப்படிக் கூப்பிடுவது என்று குழம்பாதீர்கள். பெயர் சொல்லிக் கூப்பிடலாம், வயதுக்கு ஏற்ப தம்பி, அண்ணன், பாப்பா எதுவும் பொருந்தும். தங்க வந்தால் எங்கே படுக்க வைப்பது என்பதைப் பிள்ளையிடம் முன்பே பேசி முடிவு செய்யுங்கள், அந்த நேரத்தில் கூடத்தில் பாயோடு நின்று விவாதிக்க வேண்டாம்.

மற்ற பெற்றோரை நேரில் பார்க்க வேண்டும் என்றால் சென்னையில் 2009 முதல் ஜூன் மாதத்தில் பால்புதுமையினரின் வானவில் சுயமரியாதைப் பேரணி நடக்கிறது, பெரும்பாலும் மாதக் கடைசி ஞாயிறு. கட்டணம் இல்லை, முன்பதிவும் வேண்டாம். பத்திரிகையாளர்களும் கேமராக்களும் இருக்கும், படத்தில் வர விருப்பமில்லை என்றால் முகக்கவசம் போட்டுக்கொள்ளலாம், பலரும் அப்படித்தான் வருகிறார்கள். மற்றவர்களை அவர்கள் அனுமதி இல்லாமல் நீங்களும் படம் எடுக்காதீர்கள். வெயில் கடுமையாக இருக்கும், தண்ணீர் பாட்டில் எடுத்துப் போங்கள், முழங்கால் வலி உள்ளவர்கள் முழுதும் நடக்க வேண்டும் என்று இல்லை, முடிகிற இடத்துக்கு நேராக ஆட்டோவில் போய்ச் சேர்ந்துகொள்ளலாம்.